மெக்கானிக்கல் கீபோர்டுக்கு மாறிய பிறகு வலது சுண்டுவிரல் படும் பாடு

மெய்ப்புநோக்கி (திருவான்மியூர்)

வணக்கம். மருந்துப் பெட்டிக்குள் வரும் விளக்கத் தாள்கள், மருத்துவமனைக் கையேடுகள் ஆகியவற்றைத் தமிழாக்குவது என் தொழில். நாள் முழுவதும் தமிழ்99 என்ற தமிழ் விசை அமைப்பில் தட்டச்சு செய்கிறேன். இதுவரை எங்கும் கிடைக்கும் மெம்பிரேன் கீபோர்டுதான் வைத்திருந்தேன். அதில் எழுத்துகள் தேய்ந்து, ஸ்பேஸ்பார் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. மாலையானால் விரல் கணுக்கள் கடுக்கும். அதனால் அண்மையில், ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனித்தனி ஸ்பிரிங் சுவிட்ச் உள்ள மெக்கானிக்கல் கீபோர்டு ஒன்றுக்கு மாறினேன். சுவிட்சுகளை நிறத்தால் வகை பிரிக்கிறார்கள், என்னுடையது சிவப்பு. சிவப்புதான் லேசு, விரல் வலிக்காது என்று கேட்டவர்கள் எல்லோரும் சொன்னார்கள்.

லேசாகத்தான் இருக்கிறது. ஆனால் கேட்காத இடத்தில் ‘ந’ வந்து விழுகிறது. ‘சதைப்பிடிப்பு’ என்று அடித்த இடத்தில் ‘சந்தைப்பிடிப்பு’ என்று நிற்கிறது. ‘சந்தை’யும் நல்ல தமிழ்ச்சொல் என்பதால் எழுத்துப்பிழை திருத்தி அதைக் கண்டுகொள்வதில்லை. இன்னொரு தொல்லை, ‘படம்’ அவ்வப்போது ‘பட்டம்’ ஆகிறது. நோயாளியின் கைக்குப் போகும் தாளில் இப்படிப் பிழை இருந்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலே மனம் பதறுகிறது. அடித்ததை எல்லாம் மறுபடி மறுபடி வாசிக்கிறேன்.

பழகினால் இது சரியாகுமா, சுவிட்சை மாற்றவேண்டுமா, அல்லது கீபோர்டே பழுதா? தமிழில் தட்டச்சு செய்கிறவர்கள் சொன்னால் நல்லது.

நாவலூர் பொறியாளர்

உங்களுக்கு இருப்பது இரண்டு வெவ்வேறு சிக்கல்கள். ‘ந’ ஒன்று, ‘பட்டம்’ இன்னொன்று. முதலில் ‘ந’.

மெம்பிரேன் கீபோர்டில் ஒவ்வொரு விசைக்கும் கீழே ரப்பர் குமிழ் இருக்கிறது. அதற்குக் கீழே மின்தடம் அச்சிட்ட இரண்டு பிளாஸ்டிக் தாள்கள், நடுவில் துளையிட்ட ஒரு தாள். குமிழ் முழுவதுமாக மடங்கி, மேல் தாள் கீழ்த் தாளைத் தொட்டால்தான் எழுத்து வரும். அதாவது அடிவரை அழுத்தியே ஆகவேண்டும். ரப்பர் குமிழ் தொடக்கத்திலேயே நன்றாக எதிர்த்து நிற்கும், பிறகு சட்டென மடங்கும். அதனால் விசைமேல் விரலைச் சும்மா வைத்திருந்தாலும் ஒன்றும் ஆகாது. இத்தனை ஆண்டுகளில் உங்கள் கை கற்றது இதுதான்: விரலை வைத்து ஓய்வெடு, அடிக்கும்போது அடிவரை அழுத்து.

சிவப்பு சுவிட்ச் இதற்கு நேர் மாறு. செர்ரி நிறுவனத்தின் எம்எக்ஸ் சிவப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்த இறக்கம் 4 மி.மீ., எழுத்து பதிவாவது 2 மி.மீ. ஆழத்தில். அதற்கு வேண்டிய அழுத்தும் விசை 45 சென்டிநியூட்டன், ஏறத்தாழ 45 கிராம் எடை. உள்ளே இருப்பது வெறும் ஸ்பிரிங்தான். தடையோ மேடோ கிடையாது. விரல் கொஞ்சம் பாரமாக இறங்கினாலே பாதி வழி போய்விடும். பாதி வழியே போதும், எழுத்து வந்துவிடும்.

இப்போது தமிழ்99 விசை அமைப்பைப் பாருங்கள். உயிரெழுத்துகள் எல்லாம் இடக்கை. மெய்களில் ‘வ’, ‘ங’ இரண்டைத் தவிர மற்றவை எல்லாம் வலக்கை. அதிலும் ண, ச, ஞ, ந, ய, ழ ஆகிய ஆறும் வலது சுண்டுவிரல். 18 மெய்களில் 6 ஒரே விரலுக்கு, அதுவும் கையிலேயே வலுக்குறைந்த விரலுக்கு! பேக்ஸ்பேஸ், என்டர், வலது ஷிப்ட் வேறு. ‘ச’ அடிக்க மேல்வரிசைக்குப் போன சுண்டுவிரல் இருப்பிடத்துக்குத் திரும்பும்போது எங்கே வந்து இறங்குகிறது? ‘ந’ மேல். பழைய கீபோர்டில் அந்த இறங்கலை ரப்பர் தாங்கிக்கொண்டது. இதில் தாங்க ஒன்றுமில்லை. ச, ந, த என்று வரிசையாகப் போனால் மென்பொருளே புள்ளி வைத்து ‘சந்த’ ஆக்கிவிடுகிறது. உங்கள் ‘சந்தை’ பிறந்த கதை இதுதான்.

என் யோசனை: பிரவுன் போன்ற, நடுவில் சிறு மேடு தட்டுகிற சுவிட்சுக்கு மாறுங்கள். செர்ரி பிரவுனில் அழுத்தும் விசை 55 சென்டிநியூட்டன்.

பழைய ரெமிங்டன் (மயிலாப்பூர்)

அம்மா, நான் நெடுங்காலம் தட்டச்சுப் பயிலகம் நடத்தியவன். அரசுத் தொழில்நுட்பத் தேர்வுக்குப் பிள்ளைகளை அனுப்பிக்கொண்டிருந்தேன். ஆங்கில இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலைக்கு 45. ஆனால் வேகம் பிறகுதான். முதல் நாள் வருகிற பிள்ளைக்கு நாங்கள் கற்றுக்கொடுத்தது, விசையைத் தொட்டவுடன் விரலை எடுப்பது.

பழைய இயந்திரத்தில் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால் அடுத்த எழுத்தின் கம்பி வந்து சிக்கிக்கொள்ளும். ஆகவே சுருக்கென்று ஓர் அடி, உடனே மேலே. மிருதங்கத்தில் கையை வைத்து அழுத்தினால் நாதம் அமுங்கிவிடும், தட்டி எடுத்தால்தான் பேசும். விரலும் அப்படித்தான். பொறியாளர் தம்பி சொன்ன சுவிட்ச் கணக்கெல்லாம் சரியாக இருக்கலாம். ஆனால் சுவிட்சை மாற்றினால் இறங்குகிற விரல் மாறிவிடாது.

பயிலகத்தில் சேர்ந்தவர்கள் முதல் வாரம் முழுவதும் ‘யளனகபக’ என்று தாள் தாளாக அடிப்பார்கள். சலித்துப்போய் அழுத பிள்ளைகள் உண்டு. ஆனால் அந்தப் பயிற்சியில்தான் விரல் தன் வீட்டை அறிந்துகொள்ளும். உங்களுக்கும் அதுபோல ஒன்று வேண்டும். சுண்டுவிரல் வெளியே போய்வருகிற சொற்களை மட்டும் பொறுக்கி எடுங்கள்: சணல், பழைய, யாழ், கணையம், ஞாயிறு. ‘நுண்ணுயிர்’ மிக நல்ல சொல். ந, ண, ண, ய என்று அந்த ஒரு விரலே நான்கு முறை வேலை செய்யவேண்டும். மருத்துவ மொழிபெயர்ப்பில் இருப்பவருக்கு அந்தச் சொல் அன்றாடம் வருமே!

வேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டை மேசைமேல் கிடத்தாதீர்கள். சுண்டுவிரல் ‘ச’விலிருந்து திரும்பும்போது ‘ந’வுக்கு மேலே நிற்கவேண்டும், அதன்மேல் உட்காரக் கூடாது. பிழை இல்லாமல் ஒரு பக்கம் வந்த பிறகு வேகத்தைக் கூட்டலாம். அதற்கு முன் வேண்டாம்.

வடபழனி கணக்கர்

எல்லோரும் மெக்கானிக்கலே நல்லது என்று முடிவு கட்டிவிட்டுப் பேசுவதுபோல் தெரிகிறது. நான் மெம்பிரேன்தான். சரக்கு வரவுசெலவுக் கணக்கு, வரி விவரம் என்று நாளெல்லாம் எண்கள் அடிக்கிறேன். விரல் வலி இல்லை, ஓசை இல்லை. பக்கத்து மேசைக்காரருக்கும் தொந்தரவில்லை. கெட்டுப்போனால் சில நூறு ரூபாயில் புதிது. பிழை வந்தால் நோயாளிக்குப் பாதிப்பு என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியென்றால் கை பழகிய கருவிக்கே திரும்பிப் போவதுதானே பொறுப்பான காரியம்? இது குத்தலாகச் சொல்வது அல்ல. தொழில் முக்கியம், கருவி அதற்குப் பிறகுதான்.

நாவலூர் பொறியாளர்

நீங்கள் சொல்வது நியாயம். அவசர வேலை கையில் இருக்கும்போது பழைய கீபோர்டையே இணைத்துக்கொள்ளலாம், அதில் தவறில்லை. ஆனால் அவருக்கு மாலையில் கணு கடுக்கிறது என்று முதலிலேயே எழுதியிருக்கிறார். நாளெல்லாம் ஒவ்வொரு எழுத்தையும் தரைவரை அழுத்துவதால் வருவது அது. அதை அப்படியே விட்டுவிடவும் முடியாது.

ரிச்சி தெரு பழுதுநீக்குநர்

‘படம்’ ‘பட்டம்’ ஆவதைப் பற்றி யாரும் பேசவில்லையே. அதை நான் சொல்கிறேன். அண்ணா சாலை பக்கம், நரசிங்கபுரம் தெருவை ஒட்டி எங்கள் வேலை. கீபோர்டு பழுது நிறையப் பார்க்கிறேன்.

சுவிட்சுக்குள் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள் தொட்டு விலகும். தொடும் கணத்தில் அவை கொஞ்சம் அதிரும். நல்ல சுவிட்சில் அந்த அதிர்வு சில மில்லி விநாடிகளுக்குள் அடங்கிவிடும், கீபோர்டுக்குள் இருக்கும் நிரலும் அதைப் புறக்கணித்துவிடும். தகட்டில் தூசியோ ஈரமோ படிந்தால் அதிர்வு நீளும். ஒருமுறை அடித்தது இருமுறை பதிவாகும். ஆங்கிலத்தில் அடிப்பவருக்கு எழுத்து இரண்டாக வந்து கண்ணை உறுத்தும், உடனே தெரிந்துவிடும். தமிழ்99-இல் ஒரே மெய் இருமுறை வந்தால் முதலாவதற்குத் தானாகப் புள்ளி விழுகிறது. அதனால் ‘பட்டம்’ என்று ஒழுங்கான சொல்லாகவே வந்து நிற்கும். பழுது ஒளிந்துகொள்ளும்.

விரலா சுவிட்சா என்று இப்படிக் கண்டுபிடியுங்கள். தமிழ் உள்ளீட்டை நிறுத்திவிட்டு, நோட்பேடைத் திறந்து ஆங்கிலத்தில் வையுங்கள். ‘ட’ இருக்கும் விசையை நிதானமாக, ஒவ்வோர் அடிக்கும் விரலை முழுவதுமாக எடுத்து, 50 முறை அடியுங்கள். இரட்டை எழுத்து வந்தால் சுவிட்ச். வரவே இல்லை என்றால் விரல். எல்லா விசையிலும் ஆங்காங்கே வந்தால் அதுவும் பெரும்பாலும் விரல்தான். பக்கத்து எழுத்து வருவது எப்போதும் விரல், அதற்கும் சுவிட்சுக்கும் தொடர்பில்லை.

திருவான்மியூர் என்று எழுதியிருக்கிறீர்கள். வீடு கடற்கரையிலிருந்து எவ்வளவு தூரம்? ஜன்னலோரம் மேசையா? பெசன்ட் நகர், திருவான்மியூர், நீலாங்கரைப் பக்கமிருந்து வரும் பொருள்களில் திருகாணி முதற்கொண்டு உப்பேறியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரமும் சேர்ந்துகொள்ளும். இரவில் ஒரு துணி போட்டு மூடிவையுங்கள். அது போதும், பெரிய செலவெல்லாம் வேண்டாம்.

மெய்ப்புநோக்கி (திருவான்மியூர்)

அனைவருக்கும் நன்றி. ரிச்சி தெரு நண்பர் சொன்னபடி பார்த்தேன். ‘ட’ விசையில் இரட்டை எழுத்து வந்துகொண்டே இருக்கிறது. பக்கத்தில் உள்ள விசைகளில் ஒன்றுகூட வரவில்லை. ஆக அது சுவிட்ச்தான். மேசை ஜன்னலோரம்தான் இருக்கிறது, கடற்காற்று நேராக வரும். ஆனால் கீபோர்டு புதியது, அதற்குள் உப்பு ஏறியிருக்குமா என்பது தெரியவில்லை. சுவிட்சைப் பிடுங்கி மாற்றும் வசதி இதில் இருக்கிறது என்று பெட்டியில் போட்டிருக்கிறது.

‘ந’வைப் பொறுத்தவரை, பொறியாளர் சொன்ன காரணம் அப்படியே பொருந்துகிறது. நேற்று அடித்த பக்கங்களில் தேவையில்லாத ‘ந’ எங்கெல்லாம் விழுந்தது என்று தேடிப் பார்த்தேன். ச, ண, ய இவற்றை அடுத்தே வந்திருக்கிறது. க, ப, ம அடுத்து வரவே இல்லை.

இன்னொன்றும் கேட்கவேண்டும். இரண்டு நாளாக வலது சுண்டுவிரல் நுனியில் லேசாக மரமரப்பு இருக்கிறது. இது கீபோர்டு பழகும்வரை எல்லோருக்கும் வருவதா?

ரிச்சி தெரு பழுதுநீக்குநர்

புதியதாக இருந்தால் உப்பு அல்ல, சுவிட்சே அப்படி வந்திருக்கும். பிடுங்கி மாற்றக்கூடியது என்றால் கவலை இல்லை. யூஎஸ்பி இணைப்பை எடுத்துவிட்டு, கூடவே கொடுத்திருக்கும் இடுக்கியால் செங்குத்தாக இழுங்கள், சாய்க்காதீர்கள். புதியதைச் செருகும் முன் அதன் இரண்டு கால்களும் நேராக இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பாருங்கள். மாற்றியபிறகு விசை வேலையே செய்யவில்லை என்று வருபவர்களில் பெரும்பாலோருக்குக் கால்தான் மடங்கியிருக்கும். மறுபடி நிமிர்த்திச் செருகினால் சரியாகிவிடும்.

உறுதிக்காலத்தில் இருந்தால் கடையில் கேளுங்கள், கொடுப்பார்கள். பற்றவைத்த கீபோர்டாக இருந்திருந்தால் ஈயத்தை உருக்கி உறிஞ்சித்தான் எடுக்கவேண்டும். அதை வீட்டில் முயலவேண்டாம்.

இயன்முறை மருத்துவர் (அண்ணா நகர்)

மரமரப்பைப் பற்றி. அது பழக்கத்தின் ஒரு பகுதி என்று விட்டுவிடாதீர்கள்.

தட்டச்சு செய்கிறவர்களுக்கு மணிக்கட்டில் நசுங்குவதாக எல்லோரும் பேசுகிற நரம்பு, கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல், மோதிரவிரலில் பாதி ஆகியவற்றுக்கு உணர்வு தருவது. சுண்டுவிரலுக்குப் போவது வேறொரு நரம்பு. அது முழங்கையின் உட்புறம் எலும்பை ஒட்டி, தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. முழங்கையை இடித்துக்கொண்டால் சுண்டுவிரல்வரை சுரீர் என்று இழுக்குமே, அந்த நரம்புதான். அதனால் சுண்டுவிரல் மரத்தால் விசையை மட்டும் பார்க்காமல் முழங்கையையும் பாருங்கள். மேசை விளிம்பிலோ நாற்காலிக் கைப்பிடியிலோ முழங்கையை ஊன்றிக்கொண்டு அடிக்கிறீர்களா? புது கீபோர்டு உயரமாக இருப்பதால் பலர் தங்களை அறியாமல் அப்படிச் செய்கிறார்கள்.

மெக்கானிக்கல் கீபோர்டு பொதுவாக மெல்லிய மெம்பிரேனைவிட உயரம் கூடுதல். பின்பக்கக் கால்களையும் விரித்து வைத்தால் மணிக்கட்டு மேல்நோக்கி வளைந்து நிற்கும். முதல் வேலையாக அந்தக் கால்களை மடக்குங்கள். முழங்கை ஏறத்தாழ விசைகளின் உயரத்துக்கு வரும்வரை நாற்காலியை உயர்த்துங்கள். கால் தரையில் படவில்லை என்றால் ஒரு மணைப்பலகை போதும். மணிக்கட்டுத் தாங்கி வாங்கினால் அது ஓய்வு நேரத்துக்கு. அடித்துக்கொண்டிருக்கும்போது அதில் கையை அழுத்தினால் பெரியவர் சொன்ன ‘தொட்டவுடன் எடு’ நடக்காது, விரல்கள் மட்டும் நீண்டு நீண்டு எட்டிப்பிடிக்கும்.

இதையெல்லாம் செய்தும் மரமரப்பு தொடர்ந்தால், இரவில் எழுப்பினால், பிடிமானம் குறைந்து பொருள் நழுவினால் மருத்துவரை நேரில் பாருங்கள். இணையத்தில் கேட்டு முடிவு செய்யும் விஷயம் அல்ல.

திருவல்லிக்கேணி டிடிபி

நான் நீல சுவிட்சுக்காகப் பேச வந்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, துண்டறிக்கை, ஆய்வேடு என்று எங்கள் கடையில் எப்போதும் தட்டச்சுதான். சென்னை நிறுவனமான டிவிஎஸ் எலக்ட்ரானிக்ஸின் டிவிஎஸ் கோல்டு கீபோர்டு எத்தனை பில் போடும் மேசைகளில், எத்தனை டிடிபி கடைகளில் இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். மெக்கானிக்கல் என்ற பெயர் பரவும் முன்பே நாங்கள் அதில்தான் அடித்துக்கொண்டிருந்தோம். பழையவற்றில் இருந்தது செர்ரி நீலம். எழுத்து பதிவானால் ‘டிக்’ என்று காதில் விழும். திரையைப் பார்க்காமல் கையெழுத்துப் படியைப் பார்த்து அடிப்பவனுக்கு அந்தச் சத்தம் பெரிய துணை. விரல் சும்மா இறங்கினால் விசை விழாது. இவருக்குச் சிவப்பைச் சிபாரிசு செய்தவர்கள் கணினி விளையாட்டுக்காரர்களாக இருக்கவேண்டும். எழுத்துக்காரருக்கு நீலம்தான்.

குரோம்பேட்டை தாய்

நீலம் வாங்கி ஒரே இரவில் கழற்றி வைத்தவள் நான். இரண்டு அறை வீடு. குழந்தை தூங்கிய பிறகுதான் எனக்கு மடிக்கணினி முன்னால் உட்கார நேரம் கிடைக்கும். கதவை மூடினாலும் கேட்கிறது. மெக்கானிக்கலில் ஓசையே இல்லாத வகை உண்டா? விசை மூடிக்கு அடியில் ரப்பர் வளையம் போட்டால் போதும் என்கிறார்களே?

நாவலூர் பொறியாளர்

அம்மா, வளையம் ஓரளவுக்குத்தான் உதவும். அது விசை அடியில் மோதும் ஓசையைக் குறைக்கும். நீலத்தின் ‘டிக்’ சுவிட்சுக்குள்ளேயே பிறப்பது, அதை வளையம் தொடாது. உங்களுக்கு ‘சைலண்ட்’ வகை சுவிட்ச் வேண்டும். அதில் மேலே வரும்போதும் கீழே போகும்போதும் இடிக்கும் இடத்தில் மெத்தென்ற சிறு பகுதி இருக்கும். கீபோர்டுக்கு அடியில் தடித்த துணி விரிப்பு போடுங்கள். மேசைப்பலகை வழியாக அதிர்வு பரவுவது நிற்கும். ஸ்பேஸ்பார் மட்டும் கடகடவென்றால் அதன் இரு பக்கத்துக் கம்பியில் துளி கிரீஸ் தடவினால் அடங்கும். அடிவரை குத்தாமல் அடித்தால் சாதாரணச் சிவப்பே இரவுக்குப் போதுமான அமைதிதான்.

டிடிபி அண்ணனுக்கு: நீலத்தில் விரல் சும்மா இறங்கினால் விழாது என்பது உண்மை. ஆனால் தமிழ்99-க்கு அதில் ஒரு சங்கடம் இருக்கிறது. நீல சுவிட்ச் ஒருமுறை பதிந்த பிறகு, பதிந்த இடத்தைவிட இன்னும் மேலே வந்தால்தான் மறுமுறை பதியத் தயாராகும். சிவப்பில் அந்த இடைவெளி மிகக் குறைவு. தமிழில் க்க, ட்ட, த்த, ப்ப இல்லாமல் ஒரு வரி எழுதமுடியுமா? ஒவ்வொன்றும் ஒரே விசையில் இரண்டு அடி. வேகமாகப் போகிறவர் விரலை முழுவதுமாக எடுக்காவிட்டால் இரண்டாவது அடி பதியாது. ‘பட்டம்’ ‘படம்’ ஆகிவிடும்!

திருவல்லிக்கேணி டிடிபி

எனக்கு அப்படி விட்டுப்போவதில்லை. ஆனால் நான் பயிலகத்தில் படித்தவன், விரலை எடுத்து எடுத்துத்தான் அடிப்பேன். அதனால்தானோ என்னவோ. கடைக்குப் புதிதாக வந்த பையனுக்கு ஒற்று விட்டுப்போகிறது, அவனுக்கு ஒற்று தெரியவில்லை என்று நினைத்திருந்தேன். அவனை மெதுவாக அடிக்கச் சொல்லிப் பார்க்கிறேன்.

பழைய ரெமிங்டன் (மயிலாப்பூர்)

பையனைத் திட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து அவன் விரலை மட்டும் பாருங்கள், திரையைப் பார்க்கவேண்டாம். இரண்டாவது அடிக்கு முன் விரல் விசையோடு ஒட்டிக்கொண்டிருக்கும்.

பிரவுன் வேண்டாம்

பொறியாளர் பிரவுனைச் சொன்னதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்த மேடு அவ்வளவு மெல்லியது, மெம்பிரேனிலிருந்து வருகிறவருக்குத் தட்டுப்படவே தட்டுப்படாது. காசைப் போட்டு கீபோர்டு முழுவதும் மாற்றிவிட்டு, அதே ‘ந’ மறுபடி விழுந்தால் மனம் வெறுத்துப்போகும். சிக்கல் ஒரே ஒரு விசையில் என்றால் அந்த ஒரு விசையை மட்டும் கனமாக்கினால் என்ன? செர்ரி கறுப்பும் சிவப்பைப் போல வழுவழுப்பானதுதான், அழுத்தும் விசை மட்டும் 60 சென்டிநியூட்டன். பிடுங்கி மாற்றும் கீபோர்டில் ஒவ்வொரு விசைக்கும் ஒவ்வொரு சுவிட்ச் போடலாமே.

நாவலூர் பொறியாளர்

இது என் யோசனையைவிட நல்லது. செலவும் சில பத்து ரூபாய்தான். ‘ந’வுக்குக் கறுப்பு போட்டுப் பாருங்கள். ச, ண, ய ஆகியவை சிவப்பாகவே இருக்கட்டும். சுண்டுவிரல் எட்டிப்போய் அடிக்கும் விசைகளைக் கனமாக்கினால் அந்த விரலுக்குத்தான் கஷ்டம்.

மெய்ப்புநோக்கி (திருவான்மியூர்)

சில வாரங்கள் கழித்து எழுதுகிறேன். இதே சிக்கலோடு தேடி வருகிறவர்களுக்குப் பயன்படும்.

‘ட’ சுவிட்சைக் கடையில் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். அதோடு ‘பட்டம்’ நின்றது. ‘ந’வுக்குக் கறுப்பு போட்டேன். முதல் நாள் அந்த ஒரு விசை மட்டும் விரலுக்கு அந்நியமாகத் தெரிந்தது, ‘நோய்’ என்று தொடங்கும்போதெல்லாம் கவனம் அங்கே போனது. இப்போது தெரிவதில்லை. தேவையற்ற ‘ந’ பெருமளவு குறைந்துவிட்டது.

ஆனால் முழுவதும் நின்றது மயிலாப்பூர் ஐயா சொன்ன பயிற்சியால்தான். இதை உறுதியாகச் சொல்வேன். காலையில் வேலை தொடங்கும் முன் நுண்ணுயிர், கணையம், சணல், பழைய என்று ஒரு பக்கம் மெதுவாக அடிக்கிறேன். சில நாளில் ஒரு மாற்றம் தெரிந்தது: விசை அடியில் மோதும் ‘டக்’ ஓசை குறைந்தது. விரல் பாதி வழியிலேயே திரும்பக் கற்றுக்கொண்டது என்று புரிந்தது. கணுக் கடுப்பு குறைந்ததும் அதன் பிறகே. இதைச் சுவிட்சின் விலையில் வாங்கமுடியாது.

முழங்கை விஷயத்தில் இயன்முறை மருத்துவர் சொன்னது மிகச் சரி. என் மேசைக்குக் கண்ணாடி விளிம்பு. வலது முழங்கை அதன்மேல்தான் இருந்தது. நாற்காலியை உயர்த்தி, கீபோர்டின் கால்களை மடக்கியபின் மரமரப்பு இல்லை. அவருக்குத் தனியாக நன்றி.

வடபழனி நண்பர் சொன்னதையும் ஏற்றுக்கொண்டேன். அச்சுக்கு அவசரமாகப் போகவேண்டிய வேலைகளைப் பழைய கீபோர்டிலேயே முடித்தேன். பழகும் காலத்தில் அது இல்லாமல் இருந்திருந்தால் தூக்கம் கெட்டிருக்கும். இப்போது அதைப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

பெரம்பூர் மாணவி

இழை முழுவதும் படித்தேன். எனக்கும் தமிழ்99தான். விடுதி மேசை சிறியது, எண்பலகை இல்லாத சின்ன மெக்கானிக்கல் கீபோர்டு வாங்க நினைக்கிறேன். தமிழ் எழுத்து ஏதாவது விட்டுப்போகுமா?

நாவலூர் பொறியாளர்

எண்பலகை மட்டும் இல்லாததை வாங்கினால் ஒரு கவலையும் இல்லை, தமிழ்99-க்கு எண்பலகை தேவையே இல்லை. அதைவிடச் சிறியதில்தான் கவனம் வேண்டும். வலது ஓரத்து விசைகள் ஆங்கிலத்துக்கு வெறும் நிறுத்தக்குறிகள், நமக்கு அவை எழுத்துகள். மேல்வரிசையின் சதுர அடைப்புக்குறிகள் ‘ச’, ‘ஞ’. என்டருக்குப் பக்கத்தில் இருக்கும் மேற்கோள் குறி ‘ய’. வலது ஷிப்டுக்கு முந்தைய சாய்கோடு ‘ழ’. மிகச் சிறிய கீபோர்டுகளில் இவற்றை வேறொரு விசையோடு சேர்த்து அழுத்தும்படி ஒளித்துவைத்திருப்பார்கள். அது தமிழுக்கு ஆகவே ஆகாது.

அம்புக்குறி விசைகளை நெருக்கிச் செருகிய சிறிய கீபோர்டுகளில் வலது ஷிப்ட் குட்டையாக இருக்கும், அதை ஒட்டியே மேல் அம்பு. ஸ, ஷ, ஜ, ஹ எல்லாம் இடக்கை மேல்வரிசையில் ஷிப்டோடு வருபவை என்பதால் வலது ஷிப்டை நீங்கள் அடிக்கடி தேடுவீர்கள். எட்டும்போது மேல் அம்பு பட்டு, கர்சர் முந்தைய வரிக்குப் போய்விடும், அங்கே போய் எழுத்து விழும். முடிந்தால் ரிச்சி தெருவில் நேரில் போய், ‘ராஜாஜி’ என்றும் ‘ஹோமியோபதி’ என்றும் அடித்துப் பார்த்து வாங்குங்கள். சுண்டுவிரல் ஷிப்டைத் தேடாமல் தொட்டால் எடுத்துக்கொள்ளலாம். பிடுங்கி மாற்றும் வசதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் ‘ந’வுக்கு ஒரு கறுப்பையும் அங்கேயே வாங்கிவிடுங்கள்.